வேகமானியும் பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கலும்



இஸ்ரவேல் புத்திரர் தொகையிடப்படும்போது ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் காணிக்கை செலுத்தவேண்டும் என்ற கட்டளை யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐசுவரியவானுக்கும் தரித்திரனுக்கும் அங்கே ஒரே அளவுதான். அந்தக் கட்டளையின் நடுவில் நாம் வழக்கமாகக் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு சிறு விளக்கம் உண்டு. எந்தச் சேக்கல் என்று கர்த்தர் குறித்துச் சொல்லுகிறார்: பரிசுத்த ஸ்தலத்தின் கணக்கிலுள்ள சேக்கல், இருபது கேரா நிறையுள்ளது. அக்காலத்தில் வியாபாரிகள் எடைக்கற்களைப் பைகளில் சுமந்து திரிந்தார்கள். யூதேயாவின் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட சுண்ணாம்புக் கற்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம் என்று அவற்றிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொருவன் பையிலும் கல் இருந்ததே, பிறகு எதற்காகப் பரிசுத்த ஸ்தலத்தின் பெயரைச் சொல்லி ஒரு சேக்கல்?

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு உதவியது ஒரு காரின் வேகமானி. சிரிக்கவேண்டாம், சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

நம்முடைய சபையின் சகோதரர் ஒருவர் தம்முடைய மகனோடு சேர்ந்து தம் கராஜிலேயே ஒரு கார் கட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் இது புதிய பழக்கமன்று. 1957-இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்னும் சிறிய திறந்த காரை வெளியிட்டபோது, அதை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்வனவு வரி இல்லை. அந்த வரி போய்விட்டது. கையால் கார் கட்டும் ஆசைமட்டும் இந்த நாட்டில் போகவில்லை. சகோதரருடைய காரும் அந்தச் சாயலில் அமைந்ததே: இரும்புக் குழாய்களால் ஒட்டிய சட்டம், ஃபைபர் கிளாஸ் உடல், பழைய ஃபோர்ட் சியெரா ஒன்றிலிருந்து எடுத்த டிஃபரென்ஷியல். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் காரை ஓட்டப்போகிறவன் அவருடைய மகன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் பாரம் அங்கேதான் இருக்கிறது.

பழைய கார்களின் வேகமானி எளிய கருவி. கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு நெளியும் கேபிள் வந்து ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம், சுழலும் காந்தப்புலத்தால் இழுக்கப்பட்டுத் திரும்பப் பார்க்கும்; மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டின் இழுபறியில் முள் நிற்கும் இடமே வேகம். ஒட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் உலகத்துக்குப் போதுமானதாயிருந்தது.

மின்னணு வேகமானியோ வேறு விதம். அதற்கு வேகம் என்றால் என்னவென்று தெரியாது, எண்ணமட்டும் தெரியும். எஞ்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு டிஃபரென்ஷியலோடு சேரும் இடத்தில் நான்கு போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் ஒரு சென்சார் பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு போல்ட்டின் தலையும் கடந்துபோகும்போது சென்சார் ஒரு மின்துடிப்பை அனுப்பும். ஒரு மைலுக்கு இத்தனை துடிப்புகள் என்று ஓர் எண்ணை மனிதன்தான் கருவிக்குள் இட்டுவைக்கவேண்டும். துடிப்புகள் வரும் விரைவை அந்த எண்ணால் வகுத்து முள்ளை நகர்த்துவதே அதன் வேலை.

முதலில் முள் அசையவே இல்லை. சகோதரர் சென்சாரை மாற்றினார், கருவியையே மாற்றினார், பயனில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு மல்டிமீட்டரில் தெரிந்த எண்களை உரக்க வாசித்தேன். என் ஊழியம் அவ்வளவுதான். சென்சாரின் சிவப்புக் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாக இருந்தது. அதே கம்பிக்கும் காரின் சட்டத்திலுள்ள ஒரு போல்ட்டுக்கும் நடுவே வைத்தால் பூஜ்யம். சாதாரணக் காரில் இரும்பு உடலே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப்போகும் வழியாகிறது. இந்தக் காரின் உடலோ ஃபைபர் கிளாஸ், அதில் மின்சாரம் ஓடாது. சட்டம் இரும்புதான், ஆனால் அதன்மேல் அழகுக்காகவும் துருப்பிடியாமலும் பூசிய கெட்டியான பவுடர் பூச்சு கம்பியை இரும்போடு சேரவிடாமல் மறித்திருந்தது. பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டி, கருவிக்கென்று தனியாக ஓர் எர்த் கம்பி கொடுத்தபிறகே அதற்கு உயிர் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வேறொரு வேடிக்கை. கார் நின்ற இடத்தில் நிற்கிறது, கியர் போடவில்லை. எஞ்ஜினை முடுக்கியவுடன் முள் எழுந்து மணிக்கு 40 மைல் என்று காட்டியது! சக்கரம் ஓர் அங்குலமும் உருளவில்லை. காரணம், சென்சாரின் கம்பியை ஸ்பார்க் பிளக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிளக்குக்குப் போகும் உயர் மின்னழுத்தம் ஒவ்வொரு பொறியிலும் பக்கத்துக் கம்பியைச் சீண்டியது. கருவி அந்தச் சீண்டலையும் போல்ட் என்றே எண்ணிக்கொண்டது. உலோக வலை போர்த்திய கம்பியை வேறு வழியாகக் கொண்டுபோய், அந்த வலையை ஒரு முனையில்மட்டும் எர்த் செய்தபிறகு முள் அடங்கியது.

எஞ்ஜினின் இரைச்சல் ஓட்டமாக எண்ணப்பட்டதைக் கண்டபோது சர்தை சபையை நினையாமலிருக்க என்னால் கூடவில்லை. உயிருள்ளது என்று பெயர் பெற்றிருந்தும் செத்துப்போயிருந்த சபை அது. கூட்டங்கள், குழுக்கள், அறிவிப்புகள், ஒலிபெருக்கி எல்லாம் நமக்கும் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை சக்கரத்திலிருந்து வருகிறது, எத்தனை பிளக்கிலிருந்து வருகிறது என்று முள்ளைப் பார்த்துச் சொல்லமுடியாது.

ஆயினும் நான் இன்று எழுத வந்தது இவ்விரண்டையும் பற்றியல்ல. அசையாத முள்ளைக் கண்டால் யாரும் பழுது என்று அறிந்துகொள்வார்கள். நிற்கும் காரில் 40 மைல் காட்டினால் சிறுபிள்ளையும் சிரிக்கும். மூன்றாவது வகைப் பழுதே எனக்குப் பயத்தை உண்டாக்கியது, ஏனெனில் அது பழுதாகத் தோன்றவே இல்லை.

காரின் பின்பகுதியைத் தாங்கிகளில் ஏற்றிச் சக்கரங்களைச் சுழலவிட்டபோது முள் அழகாக ஏறியது, அழகாக இறங்கியது, நடுக்கமில்லை. சகோதரர் மகிழ்ந்தார். மகன்தான் கேட்டான்: “அப்பா, மைலுக்கு எத்தனை துடிப்பு என்று போட்டீர்கள்?” 14,930 என்றார் அவர். எங்கிருந்து வந்தது அந்த எண்? இதே வகைக் காரைக் கட்டி முடித்த நண்பர் ஒருவர் தம்முடைய காருக்கு இட்டிருந்த எண். நண்பர் பொய் சொல்லவில்லை. அவருடைய காருக்கு அது மிகச் சரியான எண்ணே. ஆனால் அவருடைய டிஃபரென்ஷியலின் விகிதம் 3.92, சகோதரருடையது 3.62. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே இரும்புப் பெட்டி.

“வேகம் எனக்குக் காதிலேயே தெரியும், பாஸ்டர். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன்,” என்றார் சகோதரர். அவர் நல்ல ஓட்டுநர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காது பழகிவிடும். மோட்டார்வேயில் ஒரு மணி நேரம் 70 மைல் வேகத்தில் வந்தவருக்கு 40 மைல் என்பது ஊர்வதுபோல் தோன்றும். கால் தானாகவே அழுத்தும். அதற்காகவே இந்நாட்டில் பல ரவுண்டபவுட்டுகளை நெருங்கும் சாலைகளில் குறுக்கே மஞ்சள் கோடுகள் வரிவரியாக, வரவர நெருக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன. ஓட்டுநரின் கண் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறது என்று அறிந்து, அதைச் சாலையே திருத்தப் பார்க்கிறது.

மகன் ஒரு சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் கொண்டுவந்தான். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓட்டினால் ஆயிற்றே என்று நான் கேட்டேன். அரசாங்கப் பரிசோதனையில் தேறிப் பதிவாகும்வரை அந்தக் காரைப் பொதுச் சாலையில் அப்படி ஓட்டிப்பார்க்க அனுமதியில்லை என்றான். ஆகவே கார் நம்முடைய சபை மண்டபத்தின் வாகன நிறுத்துமிடத்துக்கு டிரெய்லரில் வந்தது. சகோதரரை ஆசனத்தில் உட்காரவைத்தோம். பாரம் ஏறினால் டயர் சற்று நசுங்கும், நசுங்கிய டயரே சாலையில் ஓடப்போகிற டயர். டயரிலும் தரையிலும் சாக்குக்கட்டியால் குறியிட்டு, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை இருவரும் தள்ளினோம். நாடாவைப் பிடித்தால் 16 மீட்டர் 90 சென்டிமீட்டர்.

185/60 ஆர்13 என்று டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவை வைத்துக் காகிதத்தில் கணக்கிட்டால் பத்துச் சுற்றுக்கு 17 மீட்டர் 35 சென்டிமீட்டர் வரவேண்டும். காகிதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம்! மகன் அங்கேயே பெருக்கிப் பார்த்தான். ஒரு மைல் என்பது 1,609 மீட்டர். சக்கரத்துக்குச் சுற்று ஒன்றுக்கு 1.69 மீட்டர் என்றால் மைலுக்கு ஏறக்குறைய 952 சுற்று, அதை 3.62-ஆல் பெருக்கி, நான்கு போல்ட்டுகளால் பெருக்கினால் மைலுக்குச் சுமார் 13,790 துடிப்புகள். 14,930 என்ற எண்ணோடு இந்தக் கார் சாலைக்குப் போயிருந்தால், உண்மையில் 70 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 65-ஐயும் தொட்டிருக்காது. சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுகிறேன் என்று நல்மனசாட்சியோடு அந்தப் பிள்ளை ஓட்டியிருப்பான். முள் 70-ஐக் காட்டும்வரை ஏற்றியிருந்தால் அவனுடைய உண்மையான வேகம் 75-ஐத் தாண்டியிருக்கும். மழை நாளில், கூரையில்லாத அந்த இலேசான காரில்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காருக்குள் அவனை எச்சரிக்க எதுவுமே இருந்திராது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணும் அதே துடிப்புகளிலிருந்தே வருகிறது. ஆகவே தூரமும் அதே விகிதத்தில் குறைந்து, வேகத்தோடு முற்றிலும் ஒத்துப்போகும். இரண்டு சாட்சிகளின் வாயினால் காரியம் நிலைவரப்படவேண்டும் என்பது நியாயப்பிரமாணம். இங்கே இரண்டுபோல் தோன்றுகிறவை ஒரே சாட்சியின் இரண்டு வாய்கள். லவோதிக்கேயா சபையின் நிலை இதுவே என்று நினைக்கிறேன். தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று அந்தச் சபை பொய்யாகச் சொல்லவில்லை; தன்னிடமிருந்த கருவிகளையெல்லாம் பார்த்துவிட்டு உண்மையாகவே அப்படிச் சொன்னது. அதன் முள் ஆடவில்லை. வெளியே நின்று கதவைத் தட்டினவர் ஒருவரே சரியான அளவை அறிந்திருந்தார்.

தங்களைக்கொண்டே தங்களை அளந்துகொள்கிறவர்களைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் புத்தியில்லாதவர்கள் என்று கடிந்துகொள்கிறார். அவர்களை வஞ்சகர் என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஆமோசின் காலத்து வியாபாரிகள் வேறு. மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கியவர்கள், தெரிந்தே செய்தவர்கள். உபாகமம் 25-ஆம் அதிகாரம் தடைசெய்கிற பெரிதும் சிறிதுமான இரண்டு கற்களும் அப்படிப்பட்டவர்களுடைய பைக்கே உரியவை. ஆனால் ஒரே கல்லை வைத்துக்கொண்டு, அதையும் நேர்மையாகப் பயன்படுத்தி, அந்தக் கல் தேய்ந்துபோனதை அறியாதிருந்த வியாபாரியும் இருந்திருப்பானல்லவா? அவன் வாடிக்கையாளருக்கும் நஷ்டம் ஒன்றே. நம்முடைய ஊர்க் கடைகளில் எடைக்கற்களை அரசாங்கத்தார் சோதித்து முத்திரையிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரன் கள்வன் என்பதற்காக அவர்கள் வருவதில்லை; இரும்பும் தேயும் என்பதற்காகவும் வருகிறார்கள். பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல் என்ற சொல்லின் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்கியது. என் பையிலுள்ள கல்லைச் சோதிக்க என் பையிலுள்ள இன்னொரு கல் உதவாது.

வேகமானியைப் பற்றிய சட்டத்தில் ஓர் அழகு உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 39-இன்படி, காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைந்திருக்கக்கூடாது. அதிகமாகக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு: உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் 114 வரை காட்டினாலும் குற்றமில்லை, 99 என்று காட்டினால் குற்றம். எந்தக் கருவியும் சற்றே பிழைபடும் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது; பிழை எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதிலேயே அது கண்டிப்பாயிருக்கிறது. ஓட்டுகிறவனுடைய பெருமைக்கு ஏற்ற பக்கத்தில் அல்ல, சாலையைக் கடக்கிற பிள்ளையின் உயிருக்கு ஏற்ற பக்கத்தில். மகன் 13,790 என்று இடாமல் 13,400 என்று இட்டான். இப்போது 70 மைலில் முள் 72 காட்டும். டயர் தேயத் தேயச் சக்கரம் சிறுத்து அதிகச் சுற்றுகள் சுற்றும், அப்போது முள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பரிசோதனைச் சாலையில் உருளைகளின்மேல் காரை ஓட்டிப்பார்த்த பரிசோதகர், வேகமானிப் பகுதியில் குறை ஒன்றும் எழுதவில்லை. சகோதரர் அன்று இரவு எனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினார்: தம்பியின் எண் சரி.

இனி நம்முடைய சபையின் காரியத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் நம்முடைய ஆண்டுப் பொதுக்கூட்டம். மூப்பர்கள் அறிக்கையைத் தயாரித்து என்னிடம் தந்திருக்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வருகை எண்ணிக்கை கூடியிருக்கிறது, காணிக்கை கூடியிருக்கிறது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இவற்றையெல்லாம் எண்ணியவர்கள் நாமே, எதை எண்ணுவது என்று தீர்மானித்தவர்களும் நாமே. ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்பது எனக்குப் போதுமான ஆறுதலாக இல்லை. பல்கலைக்கழகம் போன நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்து நம்மோடு ஆராதிக்கிறார்கள் என்ற எண் அறிக்கையில் இல்லை. கடந்த வருடத்தில் யாரிடமும் சொல்லாமல் வருவதை நிறுத்தியவர்களைப் பற்றியும் இல்லை. பக்கத்துத் தெருவில் வசிக்கிறவர்களிடம் நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. இளைஞர் ஒருவர் இதை என்னிடம் சுட்டிக்காட்டினார்; நாடாவைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளாயிருக்கிறார்கள்.

அந்தியோகியாவில் சபை வளர்கிறது என்ற செய்தி எருசலேமுக்கு எட்டியபோது, அங்கிருந்தவர்கள் பர்னபாவை அனுப்பினார்கள். அவர் போய்க் கண்ணால் கண்டார், தேவகிருபையைக் கண்டு சந்தோஷப்பட்டார். வெளியேயிருந்து வருகிறவர் குறை கண்டுபிடிக்கவே வருவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தியோகியா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. பவுலுங்கூட, நேரடியாகக் கர்த்தரிடத்தில் சுவிசேஷத்தைப் பெற்றவர் என்று தம்மைக் குறித்துச் சொல்லக்கூடியவர், பதினாலு வருடங்களுக்குப்பின்பு எருசலேமுக்குப் போய்த் தாம் பிரசங்கிக்கிறதை அங்கிருந்தவர்களுக்கு முன்பாக எடுத்துவைத்தார். தம்முடைய ஓட்டம் வீணாகிவிடக்கூடாது என்ற கவலை அவருக்கும் இருந்தது. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் உரக்க வாசியுங்கள்.

ஆகவே மூப்பர்களோடு ஜெபித்து ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். வேறொரு சபையைச் சேர்ந்த மூப்பர் ஒருவரும், நம்மை அதிகம் அறியாத ஒரு சகோதரியும், பொதுக்கூட்டத்துக்கு முந்தின இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் நம்மோடு இருப்பார்கள். ஆராதனைக்குப்பின் மண்டபத்தின் பின்னறையில் உங்களில் விருப்பமுள்ளவர்களைத் தனித்தனியே சந்திப்பார்கள். தமிழிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம். வாலிபப் பிள்ளைகள் பெற்றோரில்லாமல் போகட்டும். சபைக்கு வருவதை நிறுத்தியவர்களின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால், அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு அந்தச் சகோதரியிடம் கொடுங்கள், என்னிடம் அல்ல. அவர்கள் எழுதித் தருகிற குறிப்பு, மூப்பர்களின் அறிக்கையோடு சேர்த்துப் பொதுக்கூட்டத்தில் ஒரு வார்த்தையும் குறையாமல் வாசிக்கப்படும்.

நீங்கள் பேசும் நேரத்தில் நானும் என் மனைவியும் மண்டபத்தில் இருக்கமாட்டோம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்